அன்றைய விலை

2018 நவம்பரில் ஓர் இரவு இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, செங்கற்பட்டில் நம் வீட்டுத் திண்ணையில் பழைய மாணவர் ஒருவர் காத்திருந்தார். நம்மிடம் நான்கு ஆண்டுகள் ஓதியவர். தகப்பனார் மறைவினால் ஓதலை இடையில் நிறுத்திவிட்டு, மாமல்லபுரத்தில் சங்குப் பொருள்களும் மணிமாலைகளும் விற்கும் குடும்பக் கடையை ஏற்றுக்கொண்டார். இஹ்யா உலூமித்தீன் பாடத்தில் அமர்ந்த நாள் முதல், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிறந்ததும் 1111-ஆம் ஆண்டில் கண்மூடியதுமான தூஸ் நகரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவ்வாண்டு அக்டோபரில் ஈரான் சென்று, மஷ்ஹதில் தங்கி, அங்கிருந்து 25 கிலோமீட்டர் அளவில் உள்ள தூஸையும் கண்டு திரும்பியிருந்தார். நமக்கென்று சிறு பொட்டலம் குங்குமப்பூ கொண்டுவந்திருந்தார்.

பொட்டலத்தைக் கையில் கொடுத்த பின் பயணக் கதை வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. "ஹஸ்ரத், காசு மாற்றியதில் ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

நம் சமுதாயத்தில் கடல் கடந்து செல்லாத ஆள் இல்லாத வீடு குறைவு. ஹஜ்ஜுக்குச் செல்வோரும், பிழைப்புக்குச் செல்வோரும், பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோரும் எங்கேனும் ஒரு கண்ணாடித் தடுப்பின் முன் நின்று ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து மற்றொரு நாட்டுப் பணத்தை வாங்கத்தான் செய்கின்றனர். அதைப் பற்றி யாரும் ஆலிம்களிடம் வந்து கேட்பதில்லை. இவர் ஏன் கேட்கிறார் என்று தோன்றியது. அவர் சென்ற நாட்டின் நிலையைச் சற்று விளக்கினால்தான் அது புரியும்.

ஈரானில் நம் நாட்டு வங்கி அட்டைகள் செல்லா. அமெரிக்காவின் தடைகளால் அந்நாட்டு வங்கிகள் உலக வங்கிகளின் தொடர்பிலிருந்து பெரும்பாலும் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பயணி, போக வரச் செலவு முழுவதையும் நோட்டாகவே மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். நம் ரிசர்வ் வங்கியும் இதை அறிந்தே விதி செய்திருக்கிறது. பொதுவாக ஒரு பயணத்துக்கு 3000 டாலருக்கு மேல் நோட்டாகத் தருவதில்லை. ஈரான், ரஷ்யா போன்ற சில நாடுகளுக்குச் செல்வோரும், ஹஜ், உம்ராப் பயணிகளும் மட்டும் தமக்கு அனுமதிக்கப்பட்ட தொகை முழுவதையும் நோட்டாகவே பெறலாம்.

2018 ஏப்ரலில் ஈரானிய அரசு, டாலர் ஒன்றுக்கு 42,000 ரியால் என்ற ஒரே விலையை அறிவித்து, வேறு விலையில் மாற்றுவதைக் கடத்தல் குற்றமாகக் கருதுவதாகச் சொல்லிற்று. மே மாதம் 8-ஆம் நாள் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகிற்று. ரியால் சரிந்தது. ஆகஸ்டில் அதே அரசு தன் கட்டளையைத் தளர்த்தி, நாணய மாற்றுக் கடைகள் சந்தை விலையில் வாங்கி விற்கலாம் என்றது. நம் மாணவர் மஷ்ஹதில் இறங்கியபோது, உரிமம் பெற்ற கடையில், இரசீதோடு, டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 ரியால் கிடைத்தது. அவர் 300 டாலரை நீட்டினார். 4 கோடியே 20 இலட்சம் ரியால் கற்றை கற்றையாக வந்து சேர்ந்தது.

அவ்வாண்டில் அந்நாட்டுத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் ரியால். அரசு சொன்ன 42,000 என்ற கணக்கில் அது 264 டாலர். கடைவீதிக் கணக்கில் 79 டாலர். நம் மாணவர் ஒரே மாற்றில் வாங்கிய கற்றை, ஒரு தொழிலாளி நான்கு மாதம் உழைத்துப் பெறுவதற்குச் சற்றே குறைந்தது. "நான் மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கும் சாதாரண ஆள், ஹஸ்ரத். அங்கே நான் பணக்காரனாகிவிட்டேன். ஒரு குற்றமும் செய்யாமல் ஆகிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது" என்றார்.

சட்டம் பேசுவது நமக்கு எளிது. உடனே பேசினோம். பொன்னுக்குப் பொன்னும் வெள்ளிக்கு வெள்ளியும் மாற்றும்போது சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்றும், இனம் வேறுபடுமானால் கைக்குக் கை என்ற நிபந்தனையோடு விரும்பிய விலையில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி போதிக்கிறது. மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் 100 தீனாரை மாற்ற வந்தபோது, தல்ஹா (ரலி) அவர்கள் பொன்னை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் பொருட்காப்பாளர் தோப்பிலிருந்து வரட்டும், வெள்ளி தருகிறோம் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், வாங்காமல் பிரியக் கூடாது என்று மாலிக்கைத் தடுத்துவிட்டார்கள். கடனாய் நின்றால் அங்கே வட்டி நுழைந்துவிடும் என்ற அச்சம். இனி, காகித நோட்டுக்கு இச்சட்டம் பொருந்துமா என்று முன்னோர் காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய ஜித்தா பிக்ஹு அகாடமி, காகித நாணயமும் பொன் வெள்ளியைப் போன்று முழுமையான விலைப்பொருளே என்று முடிவு செய்தது. ஒவ்வொரு நாட்டு நோட்டும் தனி இனம். எனவே விலை ஏறலாம், இறங்கலாம். கைக்குக் கை மாறியிருக்க வேண்டும்.

ஒரு நாட்டுக்குள் அனுமதி பெற்று நுழைபவர் அந்நாட்டின் சட்டத்துக்கு உடன்பட்டே நுழைகிறார். அந்த உடன்பாட்டை மீறுவது வாக்குத் தவறுவதாகும். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் சென்று தெருமுனையில் மாற்றியிருந்தால் அக்குற்றம் சேர்ந்திருக்கும். அக்டோபரில் உரிமம் பெற்ற கடையில் மாற்றியதால் அதுவும் இல்லை. "உங்கள் மாற்று ஸஹீஹ். கலங்க வேண்டாம் தம்பி" என்று முடித்தோம்.

அவர் தலையசைத்தார். ஆனால் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தார். வெள்ளியில் பதித்த நிஷாப்பூர் ஃபைரோஸா. வானத்தின் நீலமும் கடலின் பச்சையும் கலந்த கல். மஷ்ஹதிலிருந்து தூஸுக்கு அவரைத் தம் காரில் அழைத்துச் சென்றவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியராம். ஓய்வூதியம் போதாமல் கார் ஓட்டுகிறவர். திரும்பும் வழியில் தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். 70 டாலர் சொல்லியிருக்கிறார். நம் மாணவர் கடைக்காரர். விலை சொன்னால் குறைத்துக் கேட்பது அவருக்கு மூச்சு விடுவது போன்றது. 40 டாலருக்கு முடிந்தது. மறுநாள் விமான நிலையத்தில் விடைபெறும்போது அந்தப் பெரியவர் ஒரு சீட்டை நீட்டி, இந்த மருந்து உங்கள் நாட்டில் கிடைக்குமா, என் மனைவிக்கு வேண்டும், இங்கே மூன்று மாதமாகத் தேடுகிறேன் என்றாராம்.

மருந்துக்குத் தடை இல்லை என்று தடை விதித்தவர்கள் ஏட்டில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மருந்துக்குப் பணம் அனுப்பும் வங்கி அஞ்சி ஒதுங்கினால் மருந்து எப்படி வரும்? அதே 2018 அக்டோபர் 3-ஆம் நாள், மருந்து, உணவு முதலியவற்றுக்கு உள்ள இடையூறுகளை நீக்க வேண்டும் என்று ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆணை ஏட்டில் இருந்தது. சீட்டு அந்த முதியவரின் கையில் இருந்தது.

"நான் பேரம் பேசியது யாரிடம் என்று அப்போதுதான் தெரிந்தது" என்றார் நம் மாணவர்.

நாம் அன்றிரவு மறுமொழி சொல்லவில்லை. நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டோம். சொல்லாததற்குக் காரணம் சட்டம் தெரியாமை அன்று. அவர் சொல்லச் சொல்ல நமக்கு நினைவு வந்தது வேறோர் இருபது டாலர் நோட்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1989-ஆம் ஆண்டு. நமக்கு இருபது வயதிருக்கும். அவ்வாண்டுதான் மதரஸாவில் ஹிதாயாவின் ஸர்ஃப் பாடத்தை, அதாவது நாணய மாற்றுச் சட்டத்தை ஓதி முடித்திருந்தோம். விடுமுறையில் தாய்மாமாவின் கடையில் துணைக்கு நின்றோம். மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில். அந்நாளில் 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாதவர் டாலரைத் தொடுவதே குற்றம். இருந்தும் வெள்ளைக்காரப் பயணிகளின் பின்னால் "சேஞ்ச் மணி, சேஞ்ச் மணி" என்று மெல்லிய குரலில் நடந்து செல்லும் இளைஞர்களை அக்கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வங்கியைவிட இரண்டு ரூபாய் கூடத் தருவார்கள்; பயணி மகிழ்வான்; நோட்டு எங்கெங்கோ போய்ச் சேரும்.

நாம் செய்தது அதனினும் கீழ். இரண்டு நாள் தொடர்ந்து வங்கி விடுமுறை. மாலை நேரம். ஓர் அயல்நாட்டு இளைஞன் கடைக்குள் வந்தான். உடன் வந்தவள் வாசற்படியிலேயே சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள், கடுமையான காய்ச்சல். செங்கற்பட்டு மருத்துவமனைக்கு வாடகைக் கார் பேசியிருக்கிறார்கள். ஓட்டுநர் முன்பணம் கேட்கிறார். இவனிடம் ரூபாய் இல்லை. இருபது டாலர் நோட்டு ஒன்றை நீட்டினான். மாமா கடையில் இல்லை. அப்போது வங்கி விலை டாலருக்குப் பதினாறு ரூபாய் அளவில். நாம் பத்து என்றோம். அவன் நம்மைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். தலையசைத்தான். 200 ரூபாய் கொடுத்து நோட்டை வாங்கினோம். அடுத்த வாரம் சென்னையில் ஒரு கடைத்தெருவில் அதைப் பதினெட்டு வீதம் விற்றோம்.

அன்றிரவு நம் மனத்தில் ஓடியது இதுதான்: இனம் வேறு, எனவே விலை ஏற்றத்தாழ்வு கூடும். ஒரே மஜ்லிஸில் கைக்குக் கை மாறிற்று. இருவரும் உடன்பட்டோம். ஓதிய பாடத்தின் நிபந்தனைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஸர்ஃப் பாடம் ஓதாத கடைப் பையன் யாரேனும் அங்கு நின்றிருந்தால் ஒருவேளை வெட்கப்பட்டிருப்பான். நம்மை வெட்கத்திலிருந்து காத்தது நம் கல்வி.

பின்னாளில் துர்ருல் முக்தாரைப் புரட்டியபோது, நிர்ப்பந்தத்தில் சிக்கியவனின் விற்பனையும் கொள்முதலும் ஃபாஸித், பழுதுபட்டது என்று ஹனஃபி சட்டவல்லுநர்கள் எழுதியிருப்பதைக் கண்டோம். நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவனோடு வணிகம் செய்வதைத் தடுக்கும் நபிமொழி ஒன்று அலீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிறது. அதன் தொடர் பலவீனமானது என்பர். தொடர் பலவீனமாயினும் பொருளைச் சட்டவல்லுநர்கள் விட்டுவிடவில்லை. தண்ணீர் ஒருவனிடம் மட்டும் இருக்க, தாகத்தில் துடிப்பவன் அவன் கேட்ட விலைக்குத் தலையசைத்தால், அத்தலையசைப்பு ரிளா ஆகாது. அன்று நாம் வாங்கியது அவனுடைய சம்மதத்தை அன்று; அவளுடைய காய்ச்சலை.

இப்போது மஷ்ஹதுக்கு வருவோம். நாணய மாற்றுக் கடைக்காரர் நிர்ப்பந்தத்தில் இல்லை. அவருக்கு டாலர் வேண்டும். இவருக்கு ரியால் வேண்டும். ஊரெல்லாம் அறிந்த விலை. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஉவில் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்றுத் திர்ஹமாக வாங்குவது பற்றிக் கேட்டபோது, அன்றைய விலையில் வாங்கிக்கொண்டு, இருவருக்கிடையே பாக்கி இல்லாமல் பிரிந்தால் குற்றமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அறிவிப்பு உண்டு. அன்றைய விலை என்றால் அரசு அச்சிட்ட விலையா, மக்கள் கொடுக்கல் வாங்கலில் ஓடும் விலையா? ஈரானின் 42,000 ரியால் விலை மக்களுக்குக் கிட்டிய விலையன்று. அந்த விலையில் டாலர் பெற்ற இறக்குமதியாளர்களிற் பலர், கொண்டுவந்த பொருளைச் சந்தை விலைக்கே விற்று நடுவில் இலாபம் பார்த்தார்கள் என்பது அந்நாட்டிலேயே பெருத்த குற்றச்சாட்டாயிற்று. 2022-இல் பெரும்பாலான பொருள்களுக்கு அவ்விலை கைவிடப்பட்டது. எனவே அரசு விலையில் மாற்றியிருந்தால் அவர் கூடுதல் புண்ணியவான் ஆகியிருப்பார் என்று நாம் கருதவில்லை. ரியாலின் வீழ்ச்சிக்குத் தடை மட்டுமே காரணம் என்று சொல்வதும் நேர்மையாகாது; அந்நாட்டு அரசின் தவறான நிதி நடத்தைக்கும் அதில் பங்குண்டு.

நாணய மாற்றில் குற்றமில்லை. உறுத்தல் வேறிடத்திலிருந்து வருகிறது. அந்த மாற்றினால் கையில் வந்த பலத்தை அவர் யார் மீது பிரயோகித்தார் என்பதில்தான் அது இருக்கிறது. டாலர் வைத்திருப்பவனுக்கு அவ்வூரில் எல்லாமே மலிவு. மலிவைக் கண்டு மகிழ்பவன் மேலும் மலிவாகக் கேட்கிறான். அதைப் பேரம் என்கிறோம். ஆனால் பேரத்துக்கு இருவரும் எழுந்து போய்விடக் கூடியவர்களாய் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் தம் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றுகிறார் என்றால், அவர் எழுந்து போகும் நிலையில் இல்லை.

தூஸ் நகரத்து இமாமிடமே இதற்கு விடை இருக்கிறது. பொன்னும் வெள்ளியும் இரு பொருள்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் போன்றவை, தமக்கென நிறமில்லாமல் எல்லா நிறத்தையும் காட்டும் கண்ணாடி போன்றவை என்று இஹ்யாவில் அவர் விளக்குகிறார். மஷ்ஹதின் கடைவீதியில் இந்நீதிபதி நடுநிலையில் நிற்கவில்லை. வெளியிலிருந்து ஒரு பெருங்கை அவர் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. சம்பாத்தியத்தைப் பற்றிய நூற்பகுதியில் இமாம் மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்கிறார். யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் கடையில் நானூறு விலையுள்ள ஆடைகளும் இருநூறு விலையுள்ள ஆடைகளும் இருந்தன. அவர் தொழுகைக்குச் சென்ற வேளையில், அவருடைய சகோதரர் மகன் இருநூறு ஆடையை ஒரு நாட்டுப்புற அரபிக்கு நானூறுக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த மனிதரையும் ஆடையையும் கண்ட யூனுஸ், இது இருநூறே பெறும், திரும்பி வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்குத் திருப்தியே என்றார் வாங்கியவர். யூனுஸ் விடவில்லை. அழைத்துச் சென்று இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகனைக் கடிந்தார். அவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்றான் மகன். உனக்கு நீ ஒப்பாததை அவருக்கு ஏன் ஒப்பினாய் என்பதே யூனுஸின் கேள்வியின் சாரம். வாங்கியவனின் திருப்தி விற்றவனின் கணக்கை முடிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறியோம்.

மறுநாள் மாலை மாணவர் வந்தபோது இவ்வளவையும் சொன்னோம், 1989-ஐயும் சொன்னோம். ஆசிரியர் தம் பழியை மாணவரிடம் சொல்வது நம் மரபில் வழக்கமன்று. ஆயினும் அவர் தம் மோதிரத்தை வைத்த இடத்தில் நாம் நம் நோட்டையும் வைக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு பேச்சு தடையைப் பற்றித் திரும்பியது. தடை என்பது நமக்குப் புதிதன்று. நபித்துவத்தின் ஏழாம் ஆண்டளவில் குறைஷிகள் ஹாஷிம் குலத்தாரோடு கொள்வினை, கொடுப்பினை, திருமணம் எதுவும் கூடாதென்று எழுதி, அந்த ஏட்டைக் கஃபாவில் தொங்கவிட்டார்கள். அபூதாலிபின் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பசித்த குழந்தைகளின் அழுகுரல் வெளியே கேட்டது. அந்த முற்றுகையைச் சுற்றி மூவகை மனிதர்களை சீரா நூல்கள் காட்டுகின்றன. முதலாமவர் ஏடு எழுதியவர். இரண்டாமவர் ஹிஷாம் இப்னு அம்ர் போன்றவர். இரவில் ஒட்டகத்தில் உணவை ஏற்றிக் கணவாயின் வாயில் வரை கொண்டுவந்து, மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து உள்ளே விரட்டிவிட்டுப் போய்விடுவார். விலை கேட்க அங்கே நிற்பதில்லை. மூன்றாமவர் சந்தை வணிகர். முஸ்லிம்கள் வாங்க வந்தால் விலையை ஏற்றிச் சொல்லுங்கள், உங்கள் நட்டத்துக்கு நான் பொறுப்பு என்று அபூலஹப் சொன்னதைக் கேட்டு விலை ஏற்றியவர். ஏடு எழுதியவனின் கொடுமை எல்லோர்க்கும் தெரியும். மூன்றாமவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே.

பின்னொரு காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. யமாமாத் தலைவர் துமாமா இப்னு உஸால் இஸ்லாத்தை ஏற்றபின் மக்காவுக்குச் செல்லும் தானியத்தை நிறுத்தினார். பகைவர்களாய் இருந்த குறைஷிகள் இரத்த உறவைச் சொல்லி மதீனாவுக்கு முறையிட்டார்கள். கணவாயின் பசியை அறிந்த நபி (ஸல்) அவர்கள் தானியத்தை விடும்படி துமாமாவுக்கு எழுதினார்கள்.

"நம் ஊருக்கும் தடை வந்ததே, ஹஸ்ரத்" என்றார் மாணவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில்தான் கல்பாக்கம். 1974-இல் பொக்ரான் சோதனைக்குப் பின், அங்கு அமையவிருந்த வேக ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்தது. நம் விஞ்ஞானிகள் வேறு எரிபொருளைக் கண்டு 1985-இல் அதை இயக்கினார்கள். 1998 மே மாதச் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தபோது, அதன் பட்டியலில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருந்தது. ஆனால் அந்த ஆண்டில் டாலர் நாற்பது ரூபாய் அளவிலிருந்து நாற்பத்திரண்டைத் தாண்டியதோடு சரி. அரசு வெளிநாடு வாழ் இந்தியரிடம் கடன் பத்திரம் விற்று ஏறத்தாழ 420 கோடி டாலர் திரட்டிற்று. 2001 செப்டம்பரில் தடைகளின் பெரும்பகுதி விலகிற்று. மாமல்லபுரக் கடையில் யாரும் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றவில்லை. ஆகவே தடை என்ற ஒரே சொல்லைக் கொண்டு இரு நாடுகளின் துன்பத்தை எடை போட முடியாது. பெரிய தேசத்தின் மேல் விழும் கல்லும், நீண்ட காலம் நெருக்கப்பட்ட தேசத்தின் மேல் விழும் கல்லும் ஒன்றன்று. இதனை எழுதும்போது 2025-இல் டாலர் ஒன்று பத்து இலட்சம் ரியாலைக் கடந்துவிட்ட செய்தியையும் கண்டுவிட்டோம். 42,000 என்பது இப்போது அங்குள்ள பிள்ளைகளுக்குக் கதை போலத் தோன்றலாம்.

நம் மாணவர் முடிவு செய்துவிட்டார். பெரியவர் முதலில் சொன்ன விலை எழுபது. கொடுத்தது நாற்பது. முப்பது டாலரை அனுப்ப வேண்டும். மருந்தும் அனுப்ப வேண்டும். அப்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்கிற்று. எந்த வங்கியிலும் ஈரானுக்கு அனுப்ப முன்வரவில்லை. இந்திய வங்கி ஒன்றின் வழியே ரூபாயில் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு 2012 முதல் இருந்தது. அது எண்ணெய்க்கும் அரிசிக்கும் தேயிலைக்கும் உரியது, ஒரு மோதிரத்தின் பாக்கிக்கு உரியதன்று. உண்டியல்காரரிடம் கொடுத்தால் மறுநாளே போய்ச் சேரும் என்று கடைவீதியில் யோசனை சொன்னார்கள். அது நம் நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். ஒரு பாக்கியைத் தீர்க்க மற்றொரு வாக்கை மீறுவதா என்று தடுத்தோம். மருந்தை அஞ்சலில் அனுப்புவதற்கும் வழி பிறக்கவில்லை.

நாற்பது டாலருக்கு மோதிரம் வாங்குவதை எந்தத் தடையும் தடுக்கவில்லை. குங்குமப்பூவை மலிவாக வாங்கிப் பையில் போட்டு வருவதையும் யாரும் தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு வர வழி அகலமாய்த் திறந்திருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வழி அடைபட்டிருந்தது. முற்றுகைகளைப் பற்றி எத்தனையோ நூல்கள் படித்திருக்கிறோம்; இதை நாம் கற்றது அந்த மாணவரின் அலைச்சலில்தான்.

நான்கு மாதங்களுக்குப் பின், ஹைதராபாத்திலிருந்து மஷ்ஹதுக்கு ஜியாரத் செல்லும் குழுவில் ஒருவர் அறிமுகமானார். மருத்துவரின் சீட்டோடும் கடை இரசீதோடும் மூன்று மாதத்துக்குரிய மருந்தும், ஓர் உறையில் முப்பது டாலரும் அவரிடம் அமானத்தாகக் கொடுக்கப்பட்டன. போய்ச் சேர்ந்ததாகப் பெரியவரிடமிருந்து செய்தி வந்தது. மருந்துக்கு நீண்ட துஆ. முப்பது டாலர் எதற்கென்று மட்டும் புரியவில்லை என்று கேட்டிருந்தாராம். நம் மாணவர் என்ன எழுதுவதென்று தெரியாமல் பல நாள் வைத்திருந்து, கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டார்.

நம் கணக்கு இன்னும் இருந்தது. அந்த இளைஞனின் பெயர் தெரியாது; ஊர் தெரியாது. உரியவரைக் கண்டுபிடிக்க இயலாதபோது அவர் பெயரால் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு? அன்றைய விலையில் நாம் குறைத்துக் கொடுத்தது 120 ரூபாய். 1989-இன் 120 ரூபாயும் இன்றைய 120 ரூபாயும் ஒன்றா? நாணயம் மதிப்பிழந்தால் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. கொடுக்கல் வாங்கல் நடந்த நாளின் மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பது அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. செப்புக் காசுகளைப் பற்றி அவர்கள் பேசியது நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. வாங்கியது டாலர் என்பதால் டாலரிலேயே கணக்கிட்டோம்: 120-ஐப் பதினாறால் வகுக்க, ஏழரை டாலர். 2018 நவம்பரில் டாலர் 72 ரூபாய் அளவில், 540 ரூபாய். நாம் அதை விற்றுப் பெற்ற இலாபத்தைச் சேர்ப்பதா என்று மாணவர் கேட்டார். கேள்வி சரியானது. சேர்த்து 750 ஆக்கினோம்.

வழிப்போக்கர்க்கு என்று உறையின் மேல் எழுதி அவரிடமே கொடுத்தோம். மாமல்லபுரத்தில் பணமின்றிச் சிக்கிக்கொண்ட அயலூர்ப் பயணி யாரேனும் கடைக்கு வந்தால் கொடுத்துவிடுவதாக வாங்கிச் சென்றார். இப்போதெல்லாம் தெருவுக்குத் தெரு பணம் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன. பத்துக்குப் பதினாறை விட்டுக்கொடுக்கும் நிலையில் யாரும் வருவதில்லை போலும். சென்ற ரமளானில் கேட்டபோது, உறை இன்னும் மேசை அறையிலேயே இருக்கிறது என்றார்.